ராசப்பனின் கை நடுக்கம்

ராசப்பனுக்கு ஆத்தா வந்து இறங்கினாள் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. தொண்ணூற்றைந்தாம் வருஷம், சித்திரை நோன்புச் சாட்டின்போது, மாரியம்மன் கோயில் கம்பத்தடியில், காலை ஒன்பது மணிக்கு, நூறு பேர் பார்க்க நடந்தது. நானும் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ராசப்பன் என் தங்கை செவ்வந்தியின் வீட்டுக்காரர். என் பெயர் தம்பிதுரை. கோவையில் சரவணம்பட்டிக்கு வடக்கே, சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் இரண்டு பேரின் அப்பாக்களும் ஒரே தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தவர்கள். நாங்கள் மண்வெட்டியை விட்டு இரும்புக்கு வந்துவிட்டோம். ஆவாரம்பாளையத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நாலு லேத் போட்டுப் பட்டறை நடத்துகிறேன். பம்பு மோட்டாருக்கு ஷாப்ட் கடைந்து கொடுப்பது எங்கள் வேலை. ராசப்பன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எண்பத்து நாலில் என்னிடம் லேத் ஓட்டுகிற டர்னராக வந்தார். மறு வருஷமே அவருக்கு என் தங்கையைக் கொடுத்தோம்.

வேலைக்காரர் என்றால் அவர்தான் வேலைக்காரர். ஷாப்டில் பேரிங் உட்காரும் இடம் முடியின் பருமனில் பாதி கூடினாலும் பேரிங் ஏறாது, குறைந்தால் ஆடும். மற்றவர்கள் நாலு தரம் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்க்கிற இடத்தில் ராசப்பன் ஒரு தரம் பார்ப்பார். அதிகம் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கம்பக்கத்து வீட்டு ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அவருக்கு நேரெதிர். எனக்கு வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். நாலு லேத்தும் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் குரல் ரோட்டில் கேட்கும். மாப்பிள்ளை என்கிற மரியாதைக்குக் குறைவு வந்துவிடக் கூடாதென்று, திட்டுவதைக்கூட வாங்க போங்க என்றுதான் திட்டுவேன். “ஏனுங்க மாப்ள, கண்ணப் பொடனியில வச்சிருக்கீங்களா?” என்பேன். திட்டி முடித்த அடுத்த நிமிஷம் நான் மறந்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் பட்டறை நடத்துகிற எல்லோருக்கும் உள்ள வாய்தான் எனக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராசப்பன் குடிப்பார் என்று கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்காரர்கள் இரண்டு பேரோடு அவருக்குப் பழக்கம் இருந்தது. அந்தச் சகவாசம்தான் கெடுத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். முதலில் பொழுது சாய்ந்தபின் மட்டும் குடித்தார். போகப் போக மத்தியானமும் ஆயிற்று. தொண்ணூற்று இரண்டு வாக்கில் காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியதாகிவிட்டது. விடியும் முன்பே முழிப்பு வந்துவிடும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், சட்டை வேர்வையில் நனைந்துவிடும், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும். பிராந்தி ஒரு மூடி உள்ளே போனால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் லேத்தைத் தொட முடியும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டிருந்தேன். குடித்துவிட்டு வந்தால் ஷாப்ட் சுத்தமாக வந்தது. குடிக்காமல் வந்தால் அளவு தப்பியது. அதனால் காலையில் அவர் வாயில் வாடை வந்தால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய் அவரை உட்கார வைத்து, “மனசு வச்சா நிறுத்த முடியாதுங்களா மாப்ள? ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்க” என்று புத்தி சொல்லிவிட்டு வருவேன். காலையில் ஒரு தம்பிதுரை, சாயங்காலம் ஒரு தம்பிதுரை.

தொண்ணூற்றைந்து பங்குனியில் ஒரு நாள் அவர் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. கண் மஞ்சளடித்தாற்போல் இருந்தது. செவ்வந்தி என்னிடம் வந்து அழுதாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் பெரிய புத்திசாலி என்று எண்ணிக்கொண்டு செய்த யோசனை அது. சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் சாட்டு. பதினைந்து நாள் நோன்பு. முக்கிளை மரம் ஒன்றை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பமாக நடுவார்கள். நட்ட அன்றைக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், கம்பம் பிடுங்குகிற வரைக்கும் கவிச்சி தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, ராத்திரி வேறு ஊரில் தங்கக்கூடாது. ஊர் எல்லையைத் தாண்டாமல் இருப்பது இன்னும் உத்தமம் என்று எங்கள் ஊரில் வைத்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட குடிகாரனும் காப்புக் கட்டினால் பாட்டிலைத் தொடமாட்டான். பதினைந்து நாள் தொடாமல் இருந்தால் விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டேன். செவ்வந்திக்குச் சம்மதமில்லை.

“அண்ணா, வேண்டாங்க” என்றாள். “ரெண்டு வருசத்துக்கு முன்னால வால்பாறையில பெரியம்மா எழவுக்குப் போனமுங்கல்ல. மழையில பஸ் நின்னுபோயி ஒன்னரை நாளு அவருக்குக் கிடைக்கல. எஸ்டேட்டு லயத்து வீட்டுல சுவத்தப் பாத்து என்னென்னமோ பேசுனாரு. எஸ்டேட்டுக்காரரு ஒருத்தரு ஊத்திக் குடுத்ததுக்கு அப்புறந்தான் மனுசனா ஆனாரு. ஒரே முட்டா நிறுத்துனா அவரு உடம்பு தாங்காதுங்க.”

“ஆத்தா மேல பாரத்தப் போடு அம்மணி. உடம்பாவது ஒன்னாவது. எல்லாம் மனசுதான்” என்றேன்.

ராசப்பன், “மச்சான் சொன்னாச் சரிங்க” என்று கையை நீட்டினார். திங்கட்கிழமை சாயங்காலம் பூசாரி காப்புக் கட்டினார். அன்று மத்தியானம் குடித்ததுதான் கடைசி.

செவ்வாய்க்கிழமை அவர் பட்டறைக்கு வரவில்லை. கை கால் நடுங்குகிறது, சோறு இறங்கவில்லை என்று செவ்வந்தி சொல்லி அனுப்பினாள். “நல்லதுதான், விசமெல்லாம் வெளிய போகுது” என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை அவர் கண்ணை மூடவேயில்லை. வியாழக்கிழமை காலையில், பெண்கள் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில், வேட்டியும் காப்புமாக அவரே நடந்து கோயிலுக்கு வந்தார். நான் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் நின்றார். உடம்பு முழுக்க உதறத் தொடங்கியது. வேர்வை ஊற்றியது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. “வர்றாங்க, வர்றாங்க” என்று கம்பத்தைக் காட்டினார்.

என் அம்மா சென்னியம்மாள்தான் முதலில் குலவை போட்டது. “ஆத்தா வந்துட்டா” என்றாள். மேளம் வேகமெடுத்தது. பூசாரி திருநீற்றை அள்ளிப் பூசி, “சொல்லு தாயி, ஊருக்கு என்ன கொறை?” என்று கேட்டார். ராசப்பன் தன் கையையும் மாரையும் தட்டித் தட்டி, “பூச்சி. மேலெல்லாம் பூச்சி ஏறுது” என்றார். பருத்தி போட்டவர்கள் மூன்று பேர் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார்கள். அந்த வருஷம் காய்ப்புழுவுக்கு மருந்தடித்து ஓய்ந்துபோயிருந்தவர்கள் அவர்கள். நானும் கும்பிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொல்லிக் காப்புக் கட்டிய மாப்பிள்ளை மேல் ஆத்தாளே வந்துவிட்டாளே என்று புல்லரித்துப் போய் நின்றேன்.

செவ்வந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அனலாய்க் கொதித்தது. “என்னுங்க, நான் யாருன்னு தெரியுதுங்களா?” என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, “வால்பாறையில இதேதானுங்க அண்ணா. இது சாமியில்ல. இவரு செத்துப்போவாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. ஆத்தா இறங்கின உடம்பு காப்போடு எல்லை தாண்டினால் ஊருக்கு ஆகாது என்றார்கள். பாதியில் காப்பை அறுத்தால் அது இன்னும் மோசம் என்றார்கள். நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். பட்டறையில் அத்தனை வாய் பேசுகிறவனுக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. என் தங்கைதான் செய்தாள். அவர் மணிக்கட்டிலிருந்த காப்பை முடிச்சவிழ்த்து எடுத்தாள், அறுக்கவில்லை. அதைத் தன் கையில் கட்டச் சொல்லிப் பூசாரியிடம் நீட்டினாள். “மீதி நோன்ப நான் இருக்கறனுங்க. கோவிக்கறதா இருந்தா ஆத்தா எம்மேல கோவிக்கட்டும்” என்றாள். பூசாரி வாங்கிக் கட்டினார். பெரியவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

காப்பு அவள் கைக்கு வந்துவிட்டதால் எல்லை தாண்ட முடியாதவள் இப்போது அவள். ஊர் எல்லையான ஓடைப் பாலம் வரைக்கும் நான் பிடித்த வாடகைக் காரோடு ஓடிவந்து நின்றுகொண்டாள். அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து நான் மட்டும் போனேன். வழியில் கணபதி என்கிற ஊரைத் தாண்டுவதற்குள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. வாயில் நுரை தள்ளியது. வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பட்டறைச் சாவிக்கொத்தை அவர் கைக்குள் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சாவியின் பல் அவர் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. என் மாப்பிள்ளை செத்துப்போகப் போகிறார், நான்தான் கொன்றேன் என்று அப்போது உறைத்தது. அழுகை வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்ததும் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன்.

அங்கே இருந்த டாக்டர் ஒரு அம்மா, சாயிரா பானு என்று பெயர். கோவை டவுனில் கோட்டைமேட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். ஊசி போட்டு, கையைக் காலைக் கட்டிலோடு மெத்தென்று கட்டி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒவ்வொரு வேளையும் மாத்திரையும் வைட்டமின் ஊசியும். நாலு நாள் அவர் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கிடந்தார். சுவரில் லேத் ஓடுகிறது, நிறுத்துங்கள் என்று கத்தினார். ஐந்தாம் நாள் தூங்கினார். ஆறாம் நாள் என்னைப் பார்த்து, “மச்சான், ஆர்டர் போயிருச்சுங்களா?” என்று கேட்டார். வெளியே போய் வராண்டாவில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு டாக்டரம்மா என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். சாவிக்கொத்து விஷயத்துக்கு முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு கேட்டார், “பத்து வருசமாத் தினமும் குடிக்கிறவரை ஒரே நாளில நிறுத்தச் சொன்னது யாருங்க?”

“நாந்தானுங்க. மனசு வச்சா முடியும்னு...”

“மனசு கெடக்கட்டுங்க. நீங்க பம்பு வேலைதானே பாக்கறீங்க? மேல் தொட்டியில மிதவை போட்டிருப்பாங்களே, அது எதுக்கு?”

தொட்டி நிறைந்ததும் மிதவை மேலே வந்து மோட்டாரை நிறுத்தும் என்றேன்.

“மண்டைக்குள்ளயும் அப்படி ஒன்னு இருக்குது. பயமோ அவசரமோ வந்தா மூளையோட அடிப்பக்கத்துல இருந்து ஒரு உத்தரவு போகும். அதுக்குக் கீழ பட்டாணி சைசுல ஒரு சுரப்பி, அது அந்த உத்தரவ ரத்தத்துல எறக்கிவிடும். சிறுநீரகத்து மேல இருக்கற சுரப்பி அதைக் கேட்டு ஒரு நீரைச் சுரக்கும். கார்ட்டிசால்னு பேரு. அது ஊறினாத்தான் உடம்பு சமாளிக்கும். போதுமானது ஊறியதும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போயி, போதும் நிறுத்துன்னு சொல்லும். அதுதான் மிதவை. இவரு குடிச்ச குடியில அந்த மிதவை ஒட்டிக்கிச்சு. மோட்டார் நிக்காம ஓடுது.”

“குடிச்சா அவருக்குப் படபடப்பு அடங்குமுங்களே” என்றேன்.

“அடங்கும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். சாராயம் ஒரு பக்கம் மூளைய அமத்திப் பிடிக்குது, இன்னொரு பக்கம் அதே சாராயம் இந்த நீரை ஊற வைக்குது. அமத்தினது விடிகாலையில எறங்கிரும், ஊறினது எறங்காது. அதான் நெஞ்சு அடிக்குது, வேர்க்குது, கை நடுங்குது. அவரு பயத்துக்கு மருந்துன்னு நெனச்சுக் குடிச்சாரு. பயத்த உண்டாக்கறதே அது. நீங்க போயி அமத்திப் பிடிச்சிருந்த கையத் திடீர்னு எடுத்துப்போட்டீங்க. இன்னும் ஒரு நாள் அந்தக் கம்பத்துக்கிட்ட நிக்க வச்சிருந்தீங்கன்னா பொணமாத்தான் கொண்டு வந்திருப்பீங்க.”

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இனிமேல்தான் நான் கவனமாகக் கேட்க வேண்டும் என்றார். வலிப்பும் பிதற்றலும் போய்விட்டன. ஆனால் மிதவை சரியாக மாதக் கணக்கில் ஆகும். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அது வரைக்கும் பெரிய விஷயத்துக்கு மரக்கட்டை மாதிரி இருப்பார், ஒரு சின்ன அதட்டலுக்கு உடம்பு முழுக்கக் கிடுகிடுத்துவிடும். அந்த நேரத்தில் மூளைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பாட்டில்தான். அதற்கு அப்புறம் குடித்தால் பழைய இடத்துக்கே போய் நிற்பார், அவருடைய ஈரல் இன்னொரு தரம் தாங்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “வீட்லயும் வேலையிலயும் யாரும் அவரச் சத்தம் போடாமப் பாத்துக்கங்க. வேலையில அவருக்கு மேல யாருங்க?” என்று கேட்டார்.

“நாந்தானுங்க.”

அவர் என்னையே பார்த்தார். என் வாயைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. நான் வார்டில் நர்சுகளிடம் பேசியதை அவரே ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பம் பிடுங்கிக் காப்பு அவிழ்த்த மறுநாள் செவ்வந்தி முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் பாதியாக இளைத்திருந்தாள். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் உள்ளங்கையில் இருந்த சாவித் தழும்பைத் தடவிப் பார்த்தாள். “இது ஆரு பண்ணுன வேலை?” என்றாள். அவர் என் பக்கம் கண்ணைக் காட்டினார். மூன்று பேரும் சிரித்தோம்.

வைகாசிக் கடைசியில் ராசப்பன் பட்டறைக்குத் திரும்பினார். முதல் ஒரு மாதம் கரடுமுரடாகக் கடைகிற வேலை மட்டும் கொடுத்தேன். இரும்புக் கம்பி ஒன்று கீழே விழுந்து சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போட்டதுபோல நிற்பார். சில நாள் யாரோ எவரோ என்கிற மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து லேத்தில் பெல்ட் அறுந்து ஒருவருக்கு விரல் கிழிந்தபோது மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி அவர் பாட்டுக்குக் கடைந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. நான் வாயைக் கட்டினேன். ஆனி, ஆடி இரண்டு மாதமும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. தம்பிதுரைக்கு உடம்பு சரியில்லையா என்று ஆவாரம்பாளையத்தில் கேட்டார்கள். கோபம் வந்தால் பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன். ராசப்பன் மறுபடியும் பேரிங் அளவுக்குக் கடைய ஆரம்பித்தார். கை நடுங்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என் தங்கை முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு தெளிச்சி வந்திருந்தது.

ஆவணியில் அந்த நாள் வந்தது. பம்புக் கம்பெனிக்கு நாற்பது ஷாப்ட் சாயங்காலத்துக்குள் போக வேண்டும். காலையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது கம்பெனி ஆள் வந்து நின்றார். அவர் முன்னாலேயே ராசப்பன் கடைந்தவற்றை அளந்தேன். நாலு ஷாப்ட் வரிசையாக அளவு குறைந்திருந்தது. குறைந்ததை ஒட்டவைக்க முடியாது; நாலும் குப்பைக்கு. அந்த ஆள், “என்னுங்க தம்பிதுரை, ஆளு பழைய மாதிரி இல்லீங்க போல” என்று சிரித்தார். அவ்வளவுதான். மூன்று மாதமாக உள்ளே அடைத்து வைத்தது மொத்தமும் வெளியே வந்தது.

என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் எனக்கு நினைவில்லை. கடைசியாகச் சொன்னது நினைவிருக்கிறது. “குடிச்சுப்போட்டு வந்தப்பவாவது வேலை சுத்தமா இருந்துது. இப்பக் குடிக்காம வந்து என்னத்தக் கிழிச்ச?” என்றேன். நாலு லேத்தும் நின்றுவிட்டன. ராசப்பன் என்னைப் பார்க்கவில்லை. மெஷினை ஆஃப் செய்தார், டூலைக் கழற்றித் துடைத்து வைத்தார், கையைக் கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கால்மணி நேரம் கழித்துத்தான் நான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. போய்க் குடி என்று சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா ரூமில் தலையைக் குனிந்துகொண்டு கேட்ட அத்தனையும் காதில் வந்து மோதியது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வழக்கமாகப் போகிற பிராந்திக்கடைகள் மூன்றும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் உள்ளே போய், இருட்டில் ஒவ்வொரு மேஜையாக முகத்தைப் பார்த்தேன். ஒருத்தன், “யாரத் தேடறீங்க, குடிச்சுப்போட்டுத் தேடுங்க” என்றான். அவனை அடிக்கப் போய் அடக்கிக்கொண்டேன். மூன்று கடையிலும் இல்லை. வீட்டுக்குப் போனேன், வாசலில் அவர் செருப்பு இல்லை. செவ்வந்தியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், வாசலோடு திரும்பிவிட்டேன்.

சத்தி ரோட்டில் நாலாவதாக ஒரு கடை உண்டு. அதற்கு எதிரே பஸ் ஸ்டாப். அங்கே சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மத்தியான வெயில். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் தொடை நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். கண் எதிர்க் கடை வாசலில் இருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். வாயை மோந்து பார்க்கிற அளவுக்குக் குனிந்தேன். வாடை இல்லை.

“ஒக்காருங்க மச்சான்” என்றார். பல் கிட்டித்த குரல். “ஒன்னும் பேச வேண்டாமுங்க. இது கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் தானா எறங்கீரும். டாக்டரம்மா சொன்னாங்க.”

உட்கார்ந்தேன். அவர் உடம்பு நடுங்குவது பெஞ்சில் தெரிந்தது. அன்னூர் பஸ் வந்து போனது. சத்தி பஸ் வந்து போனது. கடைக்குள் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒருவர் வாசலில் நின்று பாட்டிலைத் திறந்தபோது ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து அவருக்கும் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, கால் கடுத்துப்போயிற்று. மெதுவாக அவர் மூச்சு சீரானது. கையை வெளியே எடுத்து முட்டி மேல் வைத்தார்.

“நான் பேசுனது பெரிய தப்புங்க மாப்ள” என்றேன். “வேணும்னு சொல்லலீங்க.”

“தெரியுமுங்க. நீங்க எப்பவும் வேணும்னு சொன்னதில்லீங்களே.”

“அந்த ஃபவுண்டரிக்காரனுங்க சகவாசம் மட்டும் இல்லாமப் போயிருந்தா உங்களுக்கு இந்தக் கதியே வந்திருக்காதுங்க” என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னேன்.

அவர் ஷாப்ட் அளவு சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

“அவுங்க எல்லாம் பின்னால வந்தவிங்க மச்சான். நான் பட்டறைக்கு வந்த மூணாம் மாசம் பெல்ட்டு ஓடற புல்லி ஒன்னு எங்கையில ஒடஞ்சுபோச்சு. நீங்க சத்தம் போட்டீங்க. அன்னைக்கு எனக்குக் கை நடுங்குனது நிக்கவே இல்லீங்க. பக்கத்து மெஷின்காரரு பாத்துப்போட்டு ஒரு மூடி ஊத்திக் குடுத்தாரு. நின்னுருச்சு. மக்யா நாளும் அதுக்கு அடுத்த நாளும் நீங்க சத்தம் போடுவீங்களேன்னு, வரும்போதே ஒரு மூடி குடிச்சுட்டு வந்தனுங்க. அப்படியே ஆயிப்போச்சு.”

பதினோரு வருஷம். என் தங்கையைக் கொடுப்பதற்கு முன்னாலிருந்தே.

“அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்கல்ல மாப்ள?”

“சொன்னா அதுக்கும் சத்தம் போடுவீங்கல்லங்க” என்றார்.

சண்டைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க நான் அழுதேன். ராசப்பன் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் என் தோளில் கை வைத்தார். அந்தக் கை நடுங்கவில்லை.